ஜாம் போத்தல் விளக்கும் நாற்றுத் தட்டும்

போன மாரிக்கு வீட்டுக்குள்ள மிளகாய் நாற்றுப் போட்டனான். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு வீட்டுக்குள்ள ஏன் நாற்று என்று கேட்பீங்கள். நாங்கள் இருக்கிறது வாடகை மேல்மாடியில. முற்றம் கீழ் வீட்டுக்காரருக்கு. எங்களுக்கென்று ஒரு பல்கனி இருக்கு, அது வடக்குப் பார்த்தது. கார்த்திகையில சூரியன் தெற்குப் பக்கமாச் சரிஞ்சு போறதால வெயில் அதுக்குள்ள எட்டியும் பார்க்காது. மிச்சத்துக்கு மழை. இரண்டு தரம் விதைச்சு, இரண்டு தரமும் அழுகிப் போச்சு. மூன்றாம் தரம் அறைக்குள்ள மேசையில தட்டை வைச்சு, முகட்டு லைற்றை நம்பி விதைச்சன்.

முளைச்சது. ஆனால் பத்து நாளைக்குள்ள தண்டு நூல் மாதிரி நீண்டு, வெளிறி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிஞ்சு கிடந்தது. நான் அதை வளர்ச்சி என்று நினைச்சு, படம் எடுத்து நண்பர்களுக்கும் அனுப்பிப் போட்டன். அம்மம்மா வந்து பார்த்தா.

"உது வளர்ச்சியில்லைப் பிள்ளை. வெளிச்சத்தைத் தேடி ஓடுதுகள்."

பிறகு முகட்டை அண்ணாந்து பார்த்தா. "லைற் அங்க, கன்று இஞ்ச. நடுவில கிடக்கிற காத்துக்கோ வெளிச்சம் காட்டுறாய்?"

என்ர படிக்கிற மேசை விளக்கை எடுத்து, கழுத்தை வளைச்சு, தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில நிறுத்தினா. சுவரில கிடந்த போன வருசக் கலண்டரைக் கழற்றி, மறுபக்கத்து வெள்ளை உள்ளே தெரிய, தட்டைச் சுற்றி நட்டுக்கு நிற்க வைச்சா. தட்டில் விழுந்த வெளிச்சம் கண்ணுக்கு முன்னால கூடிச்சுது. "எங்க படிச்சீங்கள் இதை?" என்று கேட்டன். "எங்க படிக்கிறது? ஜாம் போத்தலில உன்ர கொம்மாவைப் படிப்பிச்ச எனக்கு இது தெரியாதே."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்குகிறது. சின்ன இடத்தில், குறைந்த வெளிச்சத்தை வைத்து ஒரு உயிரை வளர்ப்பது எப்படி என்பது இன்றைக்கு யூடியூப்பில் தேடிப் படிக்கிற விசயம். ஆனால் எங்கட குடாநாட்டில் ஒரு முழுத் தலைமுறை அதை வேறு ஒரு பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறது.

மாடமும் சுண்ணாம்பும்

எங்கட பழைய நாற்சார் வீடுகளைப் பாருங்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறைகள். அறைகளுக்கு யன்னல் குறைவு, இருந்தாலும் சிறிசு. வெயிலும் வெக்கையும் நேரே உள்ளே வராமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. அப்படியென்றால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? முற்றத்து வெள்ளை மணலில் பட்டு, சுண்ணாம்படித்த சுவரில் பட்டு, தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே வந்தது. சூடு வெளியில் நிற்க வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிற மாதிரி ஒரு ஏற்பாடு.

சுண்ணாம்புக்கு எங்களிடம் குறைவில்லை. குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, சலித்து, தைப்பொங்கலுக்கு முதல் சுவருக்கு அடிக்கிறது ஊர் வழக்கம். புதிதாய் அடித்த சுண்ணாம்பு தன்மேல் விழுகிற ஒளியில் முக்கால் பங்குக்குக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். அதுவும் கண்ணாடி மாதிரி ஒரே திசைக்கு அல்ல, எல்லாத் திசைக்கும் பரப்பி அனுப்பும். இந்தப் 'பரப்பி' என்கிற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரவுக்கு விளக்கு மாடம். சுவரில் குடைந்த ஒரு சின்ன மாடத்துக்குள் விளக்கை வைத்தால் காற்று அணைக்காது. மூன்று பக்கத்து வெள்ளைச் சுவரும் வெளிச்சத்தை முன்னுக்குத் தள்ளும். இலுப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் எரிந்த காலத்தில் எண்ணெய்க்கு விலை இருந்தது, அதனால் சுடரின் முதுகுப்புற வெளிச்சத்தைக்கூட வீணாக்க மனம் வரவில்லை. பிறகு மண்ணெண்ணெய் வந்தது, அரிக்கன் லாம்பு வந்தது, கலியாணத்துக்கும் கூத்துக்கும் பெற்றோல்மக்ஸ் வந்தது, மின்சாரமும் வந்தது. சுவிட்சைப் போட்டால் அறை முழுக்கப் பகல். மாடம் சாமிப் படம் வைக்கிற இடமாக மாறியது. முகட்டில் ஒரு குமிழ் தொங்கினால் போதும், அதன் வெளிச்சத்தில் எவ்வளவு வீண் என்று ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை.

1990க்குப் பிறகு

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் கூப்பனுக்கு அளந்து கிடைத்தது, வெளியில் வாங்கினால் யானை விலை, குதிரை விலை. ஒரே பட்டியலில் வெளிச்சத்துக்கான பொருளும் பயிருக்கான பொருளும் சேர்ந்து இருந்ததைக் கவனியுங்கள். தண்ணீர் இறைக்கிற மெசின் நின்றது, கைவிட்ட துலாவைத் தேடிப் போனார்கள். யூரியா இல்லை, குழையும் எருவும் திரும்பி வந்தன. விளக்கெரிக்க எண்ணெய் இல்லை, ஜாம் போத்தல் வந்தது.

அந்த விளக்கைக் காணாத என் வயதுக்காரருக்காக அதன் அமைப்பைச் சொல்கிறேன். வெறும் ஜாம் போத்தல். அடியில் ஒரு பிடி பஞ்சு. பஞ்சில் கொஞ்ச மண்ணெண்ணெய், ஊறி நிற்குமளவுக்கு மட்டும். போத்தல் சரிந்தாலும் கொட்டாது. ஒரு சின்ன உலோகக் குழாய்க்குள் திரியை விட்டு, கம்பியால் தாங்கிப் பஞ்சோடு முட்ட நிறுத்துவார்கள். சைக்கிள் ரியூப்பின் பழைய வால்வு அதற்குத் தோதான அளவு. சுடர் ஒரு பயற்றங்காய் விதை அளவுதான். போத்தல் சுவர் காற்றை மறைக்கும். ஒரு போத்தல் எண்ணெயில் சாதாரண லாம்பு எரிவதைப் போல் பல மடங்கு நாள் இது எரியும்.

ஆனால் வெளிச்சம்? ஒரு மெழுகுதிரிக்கும் குறைவு. மெழுகுதிரி ஒன்று ஒரு மீற்றர் தூரத்தில் தருவது ஏறத்தாழ ஒரு லக்ஸ். இன்றைக்கு ஒரு வகுப்பறைக்கு 300 லக்ஸ் வேண்டும் என்பார்கள். இந்த இடைவெளியை எங்கட ஆட்கள் எப்படிக் கடந்தார்கள்? கிட்டப் போய். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது பௌதிகப் புத்தகத்தில் இருக்கிற விதி: ஒரு மீற்றரில் ஒரு லக்ஸ் என்றால் அரை மீற்றரில் நாலு, கால் மீற்றரில் பதினாறு. அந்த விதியைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கின பிள்ளை, அதே விதியின்படிதான் போத்தலுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் அதைப் படித்தது. தலைமயிர் கருகின கதை வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

அம்மம்மா சொன்னது: "ஒரு விளக்கு, நாலு பேர். நடுவில வைச்சால் நாலு பேருக்கும் காணாது. மூலையில வைச்சன். ரெண்டு பக்கச் சுவருக்கும் வெள்ளை அடிச்சிருந்தது. பின்னால சிகரெட் பெட்டிக்குள்ள வாற ஈயத்தாளை ஒட்டிப் பார்த்தன், அது ஒரு இடத்தில பளிச்செண்டு அடிச்சுப்போட்டு மற்ற இடத்தை இருட்டாக்கிச்சுது. பிறகு கழற்றிப் போட்டு வெள்ளைக் கடுதாசிதான்."

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்று வளர்க்கிற ஆட்கள் இன்றைக்கும் பிடிக்கிற சண்டை இதுதான்: மினுங்குகிற தாளா, வெள்ளைப் பூச்சா? அம்மம்மா அதை 1991இலேயே தன் விறாந்தை மூலையில் பரிசோதித்து முடித்துவிட்டா.

அதே காலத்தில் வெளியே

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போய்வர வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் பயிர் வளர்ப்பது புதிய யோசனை அல்ல. தாவரத்தின் பச்சைப் பாகங்கள் வெளிச்சத்தில்தான் காற்றைச் சுத்திகரிக்கின்றன என்று யான் இங்கன்ஹவுஸ் 1779இல் எழுதினார். 1861இல் பிரான்சில் ஹெர்வே மாங்கோன் மின்வில் விளக்கின் கீழும் முளைகள் பச்சை பிடிக்கும் என்று காட்டினார். 1880இல் இங்கிலாந்தில் வில்லியம் சீமென்ஸ் இரவிலும் மின்விளக்குக் காட்டிக் கடுகு, கரட், வெள்ளரி எல்லாம் வளர்த்து, அதை றோயல் சொசைற்றியில் விவரித்தார். மூடாத விளக்கு இலையைக் கருக்கியது. நடுவில் ஒரு கண்ணாடியை வைத்ததும் சேதம் குறைந்தது.

ஆனால் அந்த விளக்குகள் எல்லாம் மின்சாரத்தைப் பெரும்பாலும் சூடாக்கித் தள்ளின. கன்றுக்குக் கிட்ட வைத்தால் எரிக்கும், தூர வைத்தால் வெளிச்சம் காணாது. 1972இல் கீத் மக்கிரீ 22 பயிர்களின் இலைகளை வெவ்வேறு நிற ஒளியில் அளந்தார். சிவப்பும் நீலமும் நன்றாக வேலை செய்தன. பச்சையும் முழுக்க வீண் இல்லை என்பதும் அந்த அளவீட்டில் தெரிந்தது. சூடில்லாத, கிட்ட வைக்கக்கூடிய, நிறம் தெரிந்தெடுக்கக்கூடிய விளக்கு வேண்டும் என்றால் எல்.ஈ.டிதான் வழி. சிவப்பு ஏற்கெனவே இருந்தது. பிரகாசமான நீலம் இல்லை. ஜப்பானில் சுஜி நகமுரா வேலை செய்த கம்பனி அதை 1993 கடைசியில் அறிவித்தது. அந்த நீல எல்.ஈ.டிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூன்று பேருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

1993 என்ற வருசத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "என்ன நடந்தது, ஓ.எல் சோதினைக்குப் படிச்சன். அதே போத்தல்."

இன்னொரு திகதியும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 20இல் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. அதற்குள் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் செய்த ஒரு சின்னப் பெட்டி, உள்ளே எல்.ஈ.டி வெளிச்சம், அதன் கீழ் உருளைக்கிழங்கு இலைத் துண்டுகள். நொவம்பர் 5இல் இறங்கும்போது அந்தத் துண்டுகளில் குட்டிக் கிழங்குகள் வந்திருந்தன. அதே நாட்களுக்குள் வருகிறது ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் இலட்சக் கணக்கில், மழைக்குள், இருட்டுக்குள், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. பூமிக்கு வெளியே மனிசர் வெளிச்சம் போட்டுக் கிழங்கு வளர்த்துக்கொண்டிருக்க, கிழங்கு நடுகிற பருவத்தை எதிர்பார்த்திருந்த எங்கட தோட்டக்காரர் நிலத்தையே விட்டு இருட்டில் நடந்தார்கள்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தெரியும். ஆனால் ஒரு வரலாற்றுக் கட்டுரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் என்னால் எழுத முடியவில்லை.

மேசைக்குத் திரும்புவோம்

சரி, இப்போ கையில் எல்.ஈ.டி இருக்கிறது. அறைக்குள் நாற்றோ கீரையோ வளர்க்க நினைக்கிற ஆளுக்கு அம்மம்மாவின் பாடம் என்ன சொல்கிறது?

முதலாவது, தூரம். இரண்டடி நீளமான 10 வாற் வெள்ளை எல்.ஈ.டி ரியூப் ஒன்று ஏறத்தாழ 1000 லூமன் தரும். பெட்டியில் வாற்றைப் பார்க்காதீர்கள், லூமனைப் பாருங்கள். வாற் செலவு, லூமன் வரவு. இரண்டு ரியூப்பை 60க்கு 30 சென்ரிமீற்றர் தட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டால், வெளிச்சம் முழுக்கத் தட்டில் விழும் என்று வைத்துக்கொண்டால், 11,000 லக்ஸ் வரும். நாற்றுக்கும் கீரைக்கும் அது தாராளம். மத்தியான வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே இந்த வெளிச்சத்தில் தக்காளி காய்க்க வைக்கலாம் என்று கனவு காணாதீர்கள். நாற்றாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி வெளியே நடுகிறதுக்குத்தான் இது. கன்று உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும். சங்கிலியோ முடிச்சுப் போட்ட நூலோ போதும்.

இரண்டாவது, சுற்றுச் சுவர். வெளிச்சம் முழுக்கத் தட்டில் விழாது, பக்கத்தால் ஓடும். அதைத் திருப்பி அனுப்பத்தான் வெள்ளை. மங்கல் வெள்ளைப் பெயின்ற், ரெஜிபோம் பலகை, கலண்டரின் மறுபக்கம் எல்லாமே விழுகிற ஒளியில் பெரும் பங்கைத் திருப்பிப் பரப்பும். சமையலுக்கு வாற அலுமினியத் தாளும் திருப்பும், கணக்கில் வெள்ளைக்குக் குறைவில்லை. ஆனால் கசங்கினால் ஒரு இடம் பளிச்சென்றும் ஒரு இடம் இருட்டாகவும் இருக்கும். அம்மம்மா சிகரெட் தாளில் கண்டதும் அதுதான். இன்னொரு விசயம் முக்கியம்: அலுமினியம் மின்சாரம் கடத்தும். தண்ணீர் தெளிக்கிற இடத்தில், ஒட்டுப்போட்ட வயருக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். விற்கிற மினுக்கப் பிளாஸ்ரிக் தாள் இன்னும் கொஞ்சம் கூடத் திருப்பும்தான், ஆனால் தூசி பிடித்தால் அந்த வித்தியாசம் போய்விடும். என்ன வைத்தாலும் கிழமைக்கு ஒருக்கால் துடையுங்கள்.

மூன்றாவது, நிறம். ஊதா வெளிச்சம் அடிக்கிற 'குறோ லைற்' என்று கனக்க விற்கிறார்கள். மக்கிரீயின் வளைகோட்டை அரைகுறையாய்ப் படித்ததன் விளைவு அதில் பாதி. சாதாரண வெள்ளை எல்.ஈ.டிக்கு உள்ளே இருப்பதே நீல எல்.ஈ.டி, அதன் மேல் மஞ்சள் பூச்சு. அந்த நீலம் தண்டைக் கட்டையாக வைத்திருக்கும். வெள்ளையில் சிவப்பும் இருக்கிறது. நாற்றுக்கு வெள்ளை போதும். ஊதாவுக்குக் கீழே இலையில் பழுப்போ பூச்சியோ வந்தால் கண்ணுக்கும் தெரியாது.

நான்காவது, நேரம். யாழ்ப்பாணத்தில் மார்கழியின் குறுகிய பகலே பதினொன்றரை மணித்தியாலம். கடுமையான வெயிலில் அவ்வளவு நேரம் போதும், மங்கல் விளக்கில் 14 முதல் 16 மணித்தியாலம் வேண்டும். மிச்ச நேரம் இருட்டு. கன்றுக்கும் நித்திரை வேண்டும் என்று அம்மம்மா சொன்னா, அது பெரிய பிழையில்லை.

இந்தக் கணக்கை எங்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்கள்தான். ரொறன்ரோவில் மார்கழிப் பகல் ஒன்பது மணித்தியாலம், ஒஸ்லோவில் ஆறும் இல்லை. சித்தி வீடியோவில் தன் கறிவேப்பிலையைக் காட்டுவா: அடுக்குமாடி யன்னல் ஓரம், ஒரு சாடி, மேலே விளக்கு, பின்னால் வெள்ளை மட்டை. பனிக்காலத்தில் இலை முழுக்கக் கொட்டும், சாகாமல் வைகாசி மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. "பிள்ளையை விடக் கவனமாப் பார்க்கிறன்" என்பா. சித்தியும் ஜாம் போத்தலில் படித்த ஆள். அந்த மட்டையை வைக்க ஒருத்தரும் அவவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்த போத்தல்

2021 சித்திரை கடைசியில் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022 பங்குனி கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்குக் கலன்களோடு வரிசை, கடலுக்குப் போக முடியாமல் படகுகள் கரையில். அந்த ஆனியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டு வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். எரிபொருள், உரம், வெளிச்சம், சாப்பாடு எல்லாம் திரும்பவும் ஒரே பட்டியலில்.

தெற்கில் சனம் திகைத்து நின்றபோது எங்கட வீடுகளில் பெரிசுகள் திகைக்கவில்லை. எங்கட வீட்டில் அம்மம்மா குசினித் தட்டில் இருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்துக் கழுவினா. நாங்கள் போனில் ரோச் அடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தோம். அப்போ அது எனக்கு ஒரு பழைய காலத்துப் பகிடி. அதற்குள் ஒரு அறிவு இருக்கிறது என்று விளங்க ஒரு தட்டு மிளகாய் நாற்றுச் சாக வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தடைக்காலத்தைக் கொண்டாடுகிற பழக்கம் எங்களுக்குள் இருக்கிறது. 'அப்ப நாங்கள் எப்பிடிச் சமாளிச்சம் தெரியுமே' என்ற பெருமை. அந்தப் பெருமையில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அறிவை எங்களுக்கு ஒருத்தரும் பரிசாகத் தரவில்லை. பிள்ளைகளின் கண்ணைக் கொடுத்தும், எரிந்த விரலைக் கொடுத்தும், ஐந்தாறு வருச இரவுகளைக் கொடுத்தும் வாங்கினது. விளக்கெண்ணெயைத் தடுத்தவர்களை மன்னிக்கிறதுக்கு அந்தக் கெட்டித்தனம் ஒரு காரணம் ஆகாது. அதே நேரம், விலை கொடுத்து வாங்கினதை எறிந்துவிடவும் கூடாது. இணையத்தில் அந்நிய ஆள் ஒருவர் 'சுவரை வெள்ளையாக்குங்கள், விளக்கைக் கிட்டக் கொண்டுவாருங்கள்' என்றால் குறிப்பெடுக்கிறோம். பக்கத்து அறையில் இருக்கிற கிழவியிடம் கேட்கிறதில்லை. கேட்கிற காலமும் குறைந்துகொண்டு போகிறது. 1990இல் முப்பது வயதில் ஜாம் போத்தலுக்குத் திரி திரித்தவருக்கு இப்போ அறுபதைத் தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது.

அம்மம்மாவின் அந்தக் காலத்துப் போத்தல் எங்களிடம் இல்லை. 95இல் விட்டுவிட்டு நடந்த வீட்டோடு அதுவும் போனது. எங்களிடம் இருப்பது 2022இல் கழுவி எடுத்த போத்தல்தான். அது இப்போ என் மேசையில், நாற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் தெளிக்கிற போத்தலாக நிற்கிறது.

நாலாம் தரம் போட்ட நாற்றில் இருபத்தொரு கன்று தப்பியது. தண்டு கட்டை, இலை கரும்பச்சை. தையில் மழை ஓய்ந்ததும் கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டு மதிலோரம் நட்டோம். கலண்டரை நான் எறியவில்லை. இந்த வருசக் கலண்டர் முடிய அதையும் கழற்றித் திருப்பி வைக்கிற எண்ணம்.